மூன்றரை மணி வரியில் இருந்த ஓகே

என் பெயரும் தந்தை பெயரும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தபடி. வயது 26. ஆலையின் பின்வாசலுக்கு எதிர்ச் சந்தில், இரண்டாவது மாடியில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு அட்டைப் பெட்டி ஆலையில் மூன்று வருடமாகக் கட்டுப்பாட்டு மேசை டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். பெல்ட் விபத்தில் காயம்பட்டவர் அங்கே இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் முன்பகை எதுவும் கிடையாது.

செக் லிஸ்ட் தாளில் 'ஓகே' என்றால் என்ன பொருள் என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் காவலரால் முதலில் கேட்கப்பட்டது. இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். எங்கள் பிரிவில் அந்தச் சொல் செய்யாத வேலை இல்லை. காதில் விழுந்தது என்றாலும் ஓகே, வேலை முடிந்தது என்றாலும் ஓகே, இனிமேல்தான் தொடங்கப் போகிறேன் என்றாலும் ஓகே. சாப்பிட்டாயா என்றால் ஓகே, காய்ச்சல் விட்டதா என்றால் ஓகே. மோட்டார் சுமாராக ஓடினால் ஓகே மோட்டார். சூப்பர்வைசர் திட்டும்போது இரண்டு தடவை சொன்னால் ஆளை விடு சாமி என்று அர்த்தம். தாளில் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்: நான் நேரில் போய், கண்ணால் பார்த்தேன். அந்த அர்த்தத்தில்தான் யாரும் அதை எழுதியதில்லை.

தாளில் மணிக்கு ஒரு வரி, காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை ஒன்பது வரி. ஒவ்வொரு வரியிலும் எண்ணெய், தடுப்புக் கதவு, உருளை அருகே ஆள் இல்லை என்று மூன்று கட்டம், கடைசியில் ஃபிட்டரின் சுருக்கொப்பம். இருபத்தேழு கட்டத்தையும் காலை டீ நேரத்திலேயே நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். நான் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலையே அதுதான். சம்பவ நாளன்றும் காலை 8.10-க்கு உட்கார்ந்து நிரப்பினேன். அண்ணன் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, சாயங்காலம் வரைக்கும் ஓகே போட்டாச்சா? அப்ப நான் வீட்டுக்குக் கெளம்பலாம்ல?" என்றார். சிரித்தோம். அவருடைய சுருக்கொப்பத்தையும் அதே பேனாவால் நானே போட்டேன்.

அன்று, என் மேசைப் பொத்தானால் ஓடும் பெல்ட்டில், உருளை அருகே அட்டை மூன்று தடவை சிக்கியது. மூன்றாவது தடவை பிற்பகல் 3.20-க்கு. பெல்ட்டை நிறுத்தினேன். அண்ணன் அட்டையை எடுக்கத் தடுப்புக் கதவைத் திறந்து உள்ளே போனார். என் மேசையிலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. அதன் பிறகு சூப்பர்வைசர் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். இரண்டாவது முறை, "இன்னும் என்னப்பா பண்றீங்க ரெண்டு பேரும்? ஓகேவா இல்லையா?" என்றார். தாளைப் பார்த்தேன். மூன்றரை மணி வரியில் 'ஆள் இல்லை' கட்டத்தில் ஓகே என்று இருந்தது. "ஓகே சார்" என்றேன். அது காலையில் நானே எழுதியது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. எழுந்து போய்ப் பார்க்க நாற்பது அடி நடக்க வேண்டும். அன்று அதே நாற்பது அடியை இரண்டு தடவை நடந்திருந்தேன். போகவில்லை. 3.34-க்குப் பொத்தானை அழுத்தினேன். சத்தம் கேட்டு நிறுத்தினேன். ஓடிப்போனபோது அண்ணன் தரையில் உட்கார்ந்து வலது கையைச் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்தார். நான்கு விரல் போய்விட்டது.

அதன் பிறகு மேலாளர் அந்தத் தாளை எடுத்துப் பூட்டினார். வெளியே வந்துவிட்டதாக ஒப்பமிட்டுவிட்டு ஃபிட்டர் திரும்பக் கையை விட்டார், தவறு அவருடையது, என்று ஆலைத் தரப்பில் எழுதியிருப்பதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். கட்டாயப்படுத்தவில்லை, சொன்னார்கள்.

நேற்று மாலை மருத்துவமனைக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்ததும், "நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. நான்தான் மறந்து கைய விட்டேன்னு சொல்லிடறேன். எனக்குப் போனது போனதுதான். நீ சின்னப் பையன், கேஸு கோர்ட்டுன்னு அலையாத" என்றார். நான் தலையை ஆட்டினேன். வெளியே தாழ்வாரத்தில் அவர் மனைவி கூடவே வந்தார். "அவரு அப்படித்தான் தம்பி சொல்வாரு. ஆனா தப்பு அவருதுன்னு எழுதிட்டா, அந்தக் கையோட வேற எங்க போயி அவரு வேலை கேப்பாரு?" என்றார். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் இறங்கினேன்.

ஆகவே சொல்கிறேன். அந்த வரியில் உள்ள மூன்று ஓகேயும், அவர் பெயரில் உள்ள சுருக்கொப்பமும் என் கையெழுத்து. அவர் 3.30-க்கு எதிலும் ஒப்பமிடவில்லை. பெல்ட்டை ஓட்டச் சொல்லவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க என் கையெழுத்து மாதிரி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துள்ளேன். இதனால் என்மேல் வழக்கு வரும் என்று இதை எழுதிய காவலர் எடுத்துச் சொன்னார், புரிந்துகொண்டேன்.

இங்கே எழுதியிருப்பது அத்தனையும் என் வாயால் சொன்னது, உண்மை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இதன் நகல் ஒன்றை ஃபிட்டரின் மனைவியிடம், அவர் கையிலேயே, கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
கட்டுப்பாட்டு மேசை டெக்னீஷியன்