வாசல் கேமராவில் பதிவான பதினொரு நிமிடங்கள்

என் பெயர் சிவசங்கர். வயது 53. தகப்பனார் பெயர் பிச்சமுத்து. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய குறுக்குத் தெருவில், சொந்த வீட்டில் மனைவி மகாலட்சுமியுடன் குடியிருந்து வருகிறேன். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் தீபாவளிக்கு முன் ஒரு வீட்டில் பூட்டு உடைக்கப்பட்டதால் நானும் நான்கு கேமராக்கள் வாங்கினேன். 16.11.2024 சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்து வாசல், போர்ட்டிகோ, கொல்லைப்புறம், மாடிப்படி ஆகிய இடங்களில் அவற்றை மாட்டிவிட்டுப் போனார். கம்ப்யூட்டர் வேலையை நானே செய்துகொள்வதாக அவரிடம் சொன்னேன். மறுநாள் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொரு கேமராவாகச் சேர்த்து, பாஸ்வேர்டு போட்டு, எல்லாம் பதிவாகும்படி செய்தேன். கொல்லைப்புறக் கேமரா மட்டும் கறுப்பாகவே இருந்து, பிறகு அதுவும் வந்தது. திரை நான்கு கட்டமாகப் பிரிந்து தெரிந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்வீட்டுப் பெயர்ப் பலகையைக்கூட அவள் படித்தாள். அதன் பிறகு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

6.14 மணிக்கு, ஜீயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து வாழை இலை விற்கும் சந்திரம்மாள், தலையில் இலைக்கட்டுடன் எங்கள் வாசலைக் கடந்தார். அவரிடம் நாங்களும் இலை வாங்குவதுண்டு. பின்னால் வந்த வெள்ளை நிறச் சிறிய லோடு வண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. இதை நான் திரையில் நடக்கும்போதே பார்த்தேன். சத்தமும் கேட்டது. மனைவி உள்ளேயிருந்து “என்னங்க சத்தம்?” என்று கேட்டதற்கு, “யாரோ வண்டியைக் கீழ போட்டுட்டாங்க” என்று சொன்னேன். அதன் பிறகு வெளியே போய்க் கேட் வரை நடந்தேன். கேட்டின் மேல் கைவைத்துப் பார்த்தேன். தெருவில் கிடந்த சந்திரம்மாளின் கை அசைந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை. தொட்டால் போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலைய வேண்டியிருக்கும், பள்ளியில் அரையாண்டுத் தேர்வு வருகிறது என்று நினைத்தேன். கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 6.25-க்கு அரியமங்கலத்தைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ஜெபராஜ் அந்த வழியாக வந்து, வண்டியை நிறுத்தி, தனி ஆளாக அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். இலைகள் தெருவில் கிடந்தன.

காலை பத்து மணிக்கு ஏட்டு ஒருவர் வந்து கேமராப் பதிவு கேட்டார். “மாட்டியிருக்கு சார், இன்னும் கம்ப்யூட்டர்ல கனெக்‌ஷன் குடுக்கலை” என்று சொன்னேன். அவருக்குக் காபி கொண்டுவந்த மனைவி இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை, ஜெபராஜ்தான் இடித்திருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டு அவருடைய ஆட்டோவைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆட்டோவில் ரத்தமும் முன்பக்கம் ஒரு பழைய நெளிவும் இருந்ததாம். அன்று மாலை பதிவைப் போட்டுப் பார்த்தேன். லோடு வண்டியின் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. வாசல் கேமராவில் உள்ளதை மட்டும் பெயர் சொல்லாமல் அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆனால் அதன் வலது ஓரத்தில் எங்கள் கேட்டும் அதன் மேல் என் கையும் தெரிந்தன. போர்ட்டிகோ கேமராவில் நான் போனதும், பார்த்ததும், தாழ்ப்பாள் போட்டதும் முழுவதும் இருந்தது. அழித்துவிட நினைத்து இரண்டு முறை உட்கார்ந்தேன். அழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, சந்திரம்மாளுக்கு நினைவு திரும்பியதாக மனைவி கேள்விப்பட்டு வந்து, “போயாவது பாத்துட்டு வாங்க” என்றாள். இன்று காலை அரசு மருத்துவமனைக்குப் போனேன். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. எந்த வண்டி இடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். “நீங்க கேட் கிட்ட வந்தீங்கல்ல சார், நான் பாத்தேன். போன் பண்ணத்தான் உள்ள போறீங்கன்னு கொஞ்சம் தைரியமா இருந்துச்சு. அந்த ஆட்டோவ நீங்கதான சார் அனுப்புனீங்க?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த அவர் மகள் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் வெளியே வந்து, வீட்டுக்குப் போய்ப் பதிவுகளை எடுத்துக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

வாசல் பெஞ்சில் ஜெபராஜ் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று தெரியாமல் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

நான்கு கேமராக்களின் பதிவுகளும் உள்ள ஹார்டு டிஸ்க்கை ஒப்படைத்துவிட்டேன். எதையும் வெட்டவில்லை.

இதில் உள்ளவை நானாக வந்து சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் பயந்துபோய் உள்ளே சென்றதாக ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. பயம் என்று நான் சொல்லவில்லை, அந்தச் சொல்லை அடித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். அடிக்கப்பட்டது. மற்றதெல்லாம் நடந்தபடியே உள்ளது.

(ஒப்பம்)
பி. சிவசங்கர்
23.11.2024