தலைகீழாக நின்ற மயில்

“ஏனுங்க, மயிலு தலைகீழா நிக்குது!”

சூலூரிலிருந்து காந்திபுரம் போகும் பேருந்தில், முன் சீட்டு அக்கா போனைக் கணவரிடம் நீட்டினார். அவர்களுடைய எம்பிராய்டரி பட்டறையிலிருந்து வந்த படம். நாளைக்கு அக்காவின் தங்கைக்குக் கல்யாணம். ரவிக்கை முதுகில் மயில் வேண்டுமாம். நல்லவேளை, முதலில் ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

“காலைல சாப்ட்வேரு தொறக்கவே இல்லைன்னீங்க. என்ன பண்ணுனீங்க?”

“ஆயுத பூசைக்குச் சுத்தம் பண்றப்ப சிஸ்டத்தப் புது வெர்ஷனுக்கு மாத்துனனல்ல அம்மணி, அப்பச் சாப்ட்வேரு ஓடறதுக்கு வேணுங்கற பழைய லைப்ரரி ஃபைலெல்லாம் குப்பைன்னு அழிச்சுபோட்டேன். சாப்ட்வேரு அதையவே தேடுச்சு. புது ஃபைலுக்குப் பழைய பேர வெச்சு உட்டேன், தொறந்துக்கிச்சு.”

“எங்கண்ணன் பேர வெச்சா நீங்க லாரி ஓட்டிருவீங்களா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கணவர் பட்டறைக்குப் போன் போட்டார்.

“செல்வி, ஓரமாக் கெடக்கற பழைய கம்ப்யூட்டர்ல அந்த ஃபைலு இருக்கும். பென்டிரைவ்ல எடுத்து, சாப்ட்வேரோட ஃபோல்டர்ல மட்டும் போடு கண்ணு. அது மொதல்ல அதோட ஊட்டுக்குள்ளதான் தேடும். நான் பேரு மாத்துனதத் தூக்கிரு.”

சிங்காநல்லூர் தாண்டியதும் அடுத்த படம் வந்தது.

“மயிலு எந்திரிச்சிருச்சுங்களா?” என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“நின்னுருச்சுங்க! செல்வி, ரவிக்கைல போடு!” என்று அக்கா கத்தினார்.

“இனிப் பூசைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெக்கறதோட சரி,” என்றார் கணவர்.

“பொட்டும் நானே வெக்கறனுங்க. இந்தத் தடவை கேமரா மேல வெச்சுபோட்டீங்க.”