பெரியம்மாவின் குளம்

எனக்குப் பல்லி என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னை ஏதோ கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். குளியலறைச் சுவரில் பல்லி இருந்தால் அன்றைக்கு எனக்குக் குளியல் கிடையாது. ஒருமுறை அது ஐந்து நாள் தங்கியது. ஆறாம் நாள் வீட்டில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட பிறகு, என் மனைவி துடைப்பத்தோடு உள்ளே போய் அதனிடம் பேசி முடித்தாள்.

அப்படிப்பட்ட நான் பதினோரு வருஷம் ஒரு முதலைக்குத் தீனி போட்டேன். விதியைக் குறை சொல்ல மாட்டேன். என் மனைவியின் அண்ணனைத்தான் சொல்ல வேண்டும்.

மச்சானை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் காக்கித் தொப்பியோடு வந்து, கொடிய மிருகங்களின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கிசுகிசுப்பாரே, அவர்தான். நீங்கள் பார்த்த ஆறுகள், சதுப்பு நிலங்கள், மனிதக் காலடி படாத ஏரிகள் எல்லாம் எங்கள் பழைய ஐஸ் ஃபேக்டரியின் தொட்டி. நீளம் முப்பது தப்படி. ஃபேக்டரி ஓடிய காலத்தில் நான் அங்கே மெஷின் ஆபரேட்டர். அதை மூடியதும் மச்சான் வாடகைக்கு எடுத்தார். தண்ணீரில் தேயிலைத் தூளைக் கொட்டினால் காட்டாறு. பிளாஸ்டிக் கொடியைத் தொங்கவிட்டால் மழைக்காடு. ஒரே முதலை முப்பத்தேழு முதலைகளாக நடித்திருக்கிறாள். ஒரு வாரம் தன்னோடு தானே எல்லைச் சண்டைகூடப் போட்டாள். நல்ல வரவேற்பு.

அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். உடம்பு அப்படி. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமலே பார்க்கிற அந்தப் பார்வையும் அப்படி.

நான் அவளுக்குப் பயந்த மாதிரி இந்த உலகத்தில் யாரும் எதற்கும் பயந்திருக்க மாட்டார்கள். கோழியை எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன். அவள் தாடை மூடுகிற சத்தம் முதுகில் வந்து அடிக்கும். வீட்டில் நிகழ்ச்சியைப் பார்க்கும்போதும் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அன்று காலையில் அவளுக்குச் சோறு போட்டவனே நான்தான், இருந்தாலும் டிவிக்குள்ளிருந்து பார்த்தால் அவள் என்னை அடையாளம் கண்டுகொள்வாள் என்று ஒரு எண்ணம்.

எங்கள் வேலை முறை சுலபம். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு வயிறு முட்டக் கோழி. முந்தின நாள் பழைய ஐஸ் மெஷினைப் போட்டுத் தண்ணீரைக் குளிர வைப்பேன். வயிறு நிறைந்து, உடம்பும் குளிர்ந்துவிட்டால் முதலை ஒரு பெஞ்சு மாதிரி. மேலே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். இறங்குவதற்கு முன்னால் மச்சான் இரண்டு கேள்வி கேட்பார்.

"மாப்ளே, பெரியம்மா சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டாச்சு மச்சான்."

"குளிர்ந்தாச்சா?"

"குளிர்ந்தாச்சு."

அப்புறம்தான் அவருக்கு வீரம் வரும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என் டூல் பாக்ஸில் ஒரு ரப்பர் பாம்பைப் போட்டு, மறைவாக ஒரு கேமராவையும் வைத்தார்கள். நான் திறந்தேன். வாயைக் கோணிக்கொண்டு அலறினேன், மெஷின் மேல் ஏறினேன், என் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. பேன்ட் நனைந்ததும் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அதை அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் கடைசியில் போட்டார். என் மகள் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரித்துவிட்டோமே என்று அழுதாள். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று கேட்காதீர்கள்.

பத்து நாளைக்கு முன்னால் மச்சான் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வறுத்த கோழி. அவருக்குப் பிடிக்கும்.

"அந்தப் பாம்பு வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா மாப்ளே? வருஷக்கணக்கா நான் உயிரைக் குடுத்து நடிக்கிறேன், ஒருத்தன் சீண்டல. நீ அரை நிமிஷம் கத்தின, ஊரே உக்காந்து பாக்குது."

"அதைத் தூக்கிடுங்க மச்சான்."

"தூக்குறதா? நல்லா இருக்கே கதை. அடுத்த மாசம் நீதான் தொட்டியில எறங்குற. சேனல்ல பேசியாச்சு."

என் மனைவி கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். "அண்ணே, அவரு செத்துடுவாருண்ணே."

"சாக மாட்டாரும்மா. பயப்படுவாரு. அதுக்குத்தானே கூப்பிடுறேன்? ஜனங்களுக்கு நெசமான பயம் வேணும். நம்ம குடும்பத்துல அது மாப்ளகிட்ட மட்டும்தான் ஸ்டாக் இருக்கு." சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தார். "கோழி பிரமாதம். எங்க வாங்குறீங்க?"

இன்னொரு துண்டை அவர் தட்டில் வைத்தேன். அது பெரியம்மாவின் கோழி.

இங்கே நீங்கள் என்னை நிறுத்தியது சரிதான். தண்ணீரில் இறங்கச் சொன்னது பத்து நாளைக்கு முன்னால். பெரியம்மாவுக்குக் கோழி நின்றது நாற்பது நாளைக்கு முன்னால். கணக்கு உதைக்கிறதே என்கிறீர்கள். ஐயா, தைரியசாலிக்குத்தான் ஆபத்து வந்த பிறகு பயம் வரும். என்னைப் போன்றவர்கள் முன்கூட்டியே பயந்து வைத்துவிடுவோம். நடுவில் படப்பிடிப்பும் கிடையாது, மச்சான் ஏதோ விருது வாங்க வெளியூர் போயிருந்தார். கோழி வீணாகக் கூடாதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலைக்கு நாற்பது நாள் பட்டினி ஒன்றும் பெரிய விஷயமில்லை. நிகழ்ச்சியில் மச்சானே சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவர்மேல் பகை இல்லை. நெசமான பயம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்றாரே, அதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாரிடமும் இருக்கும். அவரிடம் யாரும் திறந்து பார்த்ததில்லை.

படப்பிடிப்பு அன்று, காலை பதினொரு மணி. கேமராக்காரர் எதிர்ப்பக்க மேடையில். நான் இந்தப் பக்கம், படத்தில் விழாத இடத்தில், நீளக் கழியோடு. பெரியம்மா அசைந்தால் கழியால் அவள் மூக்கைத் தடுத்துவிட்டு ஏணியை இறக்க வேண்டியது என் பொறுப்பு. மச்சான் மார்பு வரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு கேள்வியும் கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னேன்.

அவர் இறங்கியதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். இதை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். எப்போதும் அப்படித்தான் செய்வோம். ஏணி தெரிந்தால் காட்டாறு என்று யார் நம்புவார்கள்?

ரப்பர் உடுப்பில் சூடு குளிர் தெரியாது. நடுத்தொட்டி வரை போய்விட்டார். "இந்த நீரில் இறங்கியவர்கள் யாரும் திரும்பியதில்லை" என்று கிசுகிசுத்துவிட்டு, வழக்கம்போல ஒரு கை தண்ணீரை அள்ளினார். அள்ளிய கை அப்படியே நின்றது.

"மாப்ளே." டிவிக் குரல் இல்லை. "தண்ணி ஏன் வெதுவெதுன்னு இருக்கு?"

"மெஷின் பழசு மச்சான்."

"அவ எங்க?"

எனக்கும் தெரியவில்லை. நெசமாகவே தெரியவில்லை. தேயிலைத் தண்ணீரில் என்ன தெரியும்? ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் கொடிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல ஆடின, யாரோ திரைக்குப் பின்னால் நடந்து போகிற மாதிரி. கொடிகள் முடிகிற இடத்தில் ஆட்டம் நின்றது. அதற்கப்புறம் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மச்சானும் அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நீங்களும் பதிவில் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு வருஷத்தில் அவர் செய்த ஒரே நல்ல நிகழ்ச்சி அதுதான்.

கத்தவில்லை. கத்தினால் அவளுக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. மெதுவாக, மிக மெதுவாக என் பக்கம் நடந்து வந்தார். "ஏணிய போடு மாப்ளே. விளையாடாத. தங்கச்சி மேல சத்தியமா உன்னை எறக்க மாட்டேன். ஏணிய போடு." கேமராக்காரர் கேமராவை விட்டுவிட்டு ஓடிவிட்டார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மச்சான் சுவர் வரை வந்துவிட்டார். ஏணியைப் போடுவதாகத்தான் இருந்தேன். ஒரு மனுஷன் பயந்ததைப் பார்த்தாயிற்று, வந்த வேலை முடிந்தது. அதற்குள் அவர் என் கழியின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பயந்தவன் கையில் இருப்பதை விட்டுவிடுவான், நானும் விட்டுவிட்டேன். நேற்று அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன்.

இன்று நீங்கள் பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். ஆள் ஓடினாலும் கேமரா ஓடாது என்பதை நான் யோசிக்கவில்லை. நான் கழியை விடவில்லை என்பது அதில் தெரிகிறது. தள்ளியிருக்கிறேன். இரண்டு முறை. முதல் முறை அவர் விடவில்லை, இரண்டாவது முறை காலை ஊன்றிக்கொண்டு தள்ளியிருக்கிறேன். மீண்டும் நடுத்தொட்டிக்கே போய்விட்டார். சரி, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட வேண்டும். மூன்றாம் பக்கத்தில், நான் கடைசிவரை நின்று பார்த்ததைச் சொல்லுமிடத்தில், 'சிரித்தபடி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சிரிப்பு இல்லை ஐயா. பயந்தால் என் முகம் அப்படித்தான் ஆகிவிடும்.