மஞ்சள் பட்டை

கட்டில் என்பது படுப்பதற்கு, ஐயா. இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. இதை ஒத்துக்கொண்டால் மிச்சத்தைப் புரிந்துகொள்வது சுலபம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் வார்டு ஆள். நோயாளியைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை ஏற்றி இறக்குவது, இதெல்லாம் என் வேலை. அதனால் நர்சுகள் எனக்குக் 'கைப்பிடி அண்ணன்' என்று பேர் வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவார்கள். நானும் சிரிப்பேன். இடுப்பு விட்டுப்போனது எனக்குத்தானே, அவர்களுக்கு இல்லையே.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே தலை நரைத்த பிறகுதான். பழகியதும் முதலில் ஆஸ்பத்திரிச் சுவர்களைத்தான் படித்தேன். 'கை கழுவவும்.' 'சத்தம் போடாதீர்.' 'ஈரத்தரை, வழுக்கும்.' இதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கா இத்தனை காலம் கும்பிடு போட்டோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார். மூச்சு இயந்திரத்தில் இருக்கிற யாரும் மட்டமாகப் படுக்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம். படுத்தால் வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்குமாம். எங்கேயோ நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை உயர்த்தியும் இன்னொன்றை மட்டமாகவும் போட்டுப் பார்த்தார்களாம். மட்டமாகக் கிடந்தவர்களுக்குத்தான் நோவு அதிகமாம். ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் சுவரில் மஞ்சள் பட்டை ஒட்டச் சொன்னார். தலைமாட்டின் விளிம்பு அந்தப் பட்டைக்கு நேராக நிற்க வேண்டும். ஒட்டியதும் நான்தான்.

நான் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"டாக்டரம்மா, தூக்கி வச்சா ஆளு சரிஞ்சு சரிஞ்சு கீழ வந்துடறாங்க. மேல இழுத்துப் போட்டே எங்க முதுகு போகுது. மனுஷன் நீட்டிப் படுத்தாத்தான் உடம்பு ஆறும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன். "அண்ணே, நீங்க சொல்றது அனுபவம். எனக்குச் சான்று வேணும்ணே. இருக்கா?" என்று பொறுமையாகக் கேட்டார், பிள்ளையிடம் கேட்பது போல.

"கைப்பிடி அண்ணன் பொறந்ததுக்கே சான்று கிடையாது டாக்டர்," என்றாள் ஒரு நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு கோப்புக்குள் குனிந்தார்.

சரி, சான்றுதானே, கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

வார்டில் இரண்டு வரிசை. கதவுப் பக்கம் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று. ஜன்னல் வரிசைப் பட்டைகளை உரித்து ஒரு சாண் கீழே ஒட்டி, தலைமாடுகளையும் அதற்கு நேராக இறக்கினேன். அடியோடு மட்டமாக்கவில்லை, நான் முட்டாள் இல்லை. பார்த்தால் ஏதோ உயர்ந்திருப்பது போலவே இருக்கும். ஆளில்லாத நேரத்தில் இன்னும் கொஞ்சம் இறக்குவேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. படித்தவர்கள் நோயாளியைப் பார்க்கமாட்டார்கள், பட்டையைப் பார்ப்பார்கள். விளிம்பு நேராக இருக்கிறதா, அடுத்த கட்டில். "கச்சிதமா வச்சிருக்கீங்கண்ணே," என்று டாக்டரம்மா என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்.

ஜன்னல் வரிசையில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். தேறிக்கொண்டிருந்தார், கேட்டால் விரலை அசைப்பார். மகள் வெளியே பெஞ்சில் காத்திருப்பாள். "அண்ணே, அம்மாவுக்குத் தலை சிக்கு விழுந்தா புடிக்காது, கொஞ்சம் வாரிவிடுங்க," என்று என்னிடம் சீப்பைக் கொடுத்தாள். வாரிவிட்டேன். மட்டமாக இருந்தால் வாருவதும் சுலபம். பிறகு அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, சளி பச்சையாக வந்தது, போய்விட்டார். அடுத்து பக்கத்துக் கட்டிலில் இருந்த பஸ் டிரைவர். அந்த வார்டுக்கு யாரும் விருந்துக்கு வருவதில்லை, ஐயா.

டாக்டரம்மா குழாய்களை மாற்றினார், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். "ஜன்னல் வரிசைக்கு மட்டும் என்ன கேடு?" என்று ஒருநாள் தனக்குள் பேசிக்கொண்டு நின்றார்.

"ஜன்னல் காத்தா இருக்கும் டாக்டரம்மா," என்றேன்.

ஜன்னல்களை அடைத்து ஒட்ட வைத்தார். என் பேச்சுக்கு அன்று மட்டும் யாரும் சான்று கேட்கவில்லை.

ஆனால் நான் நியாயமானவன். ஒருவேளை ஜன்னல் காற்றாகவே இருந்தால்? அதனால் ஜன்னல் பக்கம் பட்டைகளைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டு, கதவு வரிசையில் இறக்கினேன். காய்ச்சல் கதவு வரிசைக்கு வந்தது. அங்கே ஓர் இளம் வாத்தியார் போனார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நாலு பேரைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்று டாக்டரம்மாவே பாடம் நடத்தியிருக்கிறார். நான் அதைத்தான் கடைப்பிடித்தேன்.

பிறகு சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். என் அண்ணன். காலியாக இருந்தது கதவு வரிசைக் கட்டில்தான். மூச்சுக்குழாயை மாட்டிவிட்டு எல்லோரும் நகர்ந்ததும், அந்த ஒரு பட்டையை உரித்து மேலே ஒட்டினேன். கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை ஏற்றி, கைப்பிடி திரும்பாமல் துணியால் கட்டியும் வைத்தேன்.

அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. வரிசையாக இறங்கி இருந்த பட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உயர்ந்து நிற்பதைப் பார்த்து டாக்டரம்மா நின்றுவிட்டார். கையால் அளந்தார். அந்தத் துணி முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சான்று கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

ஆமாம், பட்டைகளை இறக்கியது நான்தான். தையல்கார அம்மா, டிரைவர், வாத்தியார், மூவர் கட்டிலையும் இறக்கியது இந்தக் கைதான். நானே எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன், விரல் ரேகை வேண்டாம். அவர்கள் செத்தது அதனால்தான் என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். உயரத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. அதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அண்ணனுக்கு நேற்று குழாயை எடுத்துவிட்டார்களாம். என்னைக் கேட்டானாம். சந்தோஷம்.

அவன் கட்டிலை மட்டும் ஏன் ஏற்றி வைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, ஐயா. கூடப் பிறந்தவனை வைத்துச் சோதனை பண்ணிப் பார்க்க நான் என்ன டாக்டரா?