கேட்டு அனுப்பியவள்

— நிறுத்த மாட்டேன், தாவ்மிங். சட்டையில கம்பெனி பேரைக் குத்திக்கிட்டு நீ நிக்கிற இந்த மேசைக்கு முன்னாடிதான் பேசுவேன். ஐயாமாரே, அம்மாமாரே! காதுல மாட்டியிருக்கிறதை ஒரு நிமிஷம் கழட்டிட்டு இங்க வந்து பாருங்க! நடந்த அநியாயத்துக்குச் சாட்சி கேட்டு ஒருத்தி வந்து நிக்கிறா. நல்ல சத்தத்துக்காக உயிரை விடுறவங்க எல்லாரும் இன்னிக்குக் குவாங்சோவுல இந்த ஒரு மண்டபத்துலதான் கூடியிருக்கீங்க. உங்ககிட்டச் சொல்லாம நான் வேற யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?

— லான் அக்கா, உங்க கால்ல விழறேன், மெதுவாப் பேசுங்க. கண்காட்சிக்காரங்க காவலாளியைக் கூப்பிட்டுடுவாங்க.

— மெதுவாவா? நான் எவ்வளவு சத்தமாப் பேசறேன்னு எனக்கே தெரியாது, தம்பி. அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன். முகத்தை என் பக்கம் திருப்பு. வாயைப் பார்த்தாத்தான் எனக்குப் பாதியாவது புரியும்.

— அட, என்னப்பா இது, கடை வாசல்ல பஞ்சாயத்து? நான் ஹோ. லிவான் பக்கம் நூடுல்ஸ் கடை வச்சிருக்கேன். ஆவிச் சட்டியை மச்சான் தலையில கட்டிட்டு ஓடி வந்திருக்கேன், சத்தியமா சொல்றேன், உங்க புது இயர்போனைக் காதுல ஒரு தடவை வச்சுப் பார்க்க. சண்டையை அப்புறம் போடுங்க. முதல்ல சரக்கைக் குடுங்க.

— குடுக்கறேன் ஹோ அண்ணே, ஒரே நிமிஷம். இவங்க எங்க ஆலையில முன்னாடி வேலை பார்த்தவங்க. கொஞ்சம் உடம்பு சரியில்ல.

— உடம்பு கல்லு மாதிரி இருக்கு. போனது காது. ஐயா, உங்க கையில என்ன அது, செங்கல் மாதிரி?

— இதுவா? என் செல்லம்! ஃபோன்ல கிடக்கிற பாட்டைப் பிரிச்சு ஒலியா மாத்துற டாக், அதைத் தூக்கி நிறுத்துற ஆம்ப், ரெண்டும் இந்த ஒரே பெட்டிக்குள்ள. ஃபோனோட சேர்த்து ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருக்கேன். வீட்டுக்காரி கேட்டா பவர் பேங்க்னு சொல்லிடுவேன். நாலு வருஷமா நம்பிட்டிருக்கா, பாவம்.

— நல்லாக் கேளுங்க, சந்தோஷமாக் கேளுங்க. பாட்டு கேக்கறது குத்தம்னு சொல்ல நான் வரல. உங்க தலைக்கு மேல அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு? எல்லாருக்கும் கேக்கற மாதிரிப் படிங்க.

— "ஒவ்வொரு ஜோடியும் மனிதச் செவி கேட்டுத் தேர்ந்தது." அதுக்காகத்தானே அக்கா நான் இந்தக் கம்பெனியை விடாமப் பிடிச்சிருக்கேன்! மெஷின் சத்தத்தை அளந்து கோடு போடும். இடமும் வலமும் கூடப் பிறந்ததுங்க மாதிரி ஒத்துப் போகுதான்னு மெஷினுக்கு என்ன தெரியும்?

— அந்த மனிதச் செவி என்னோடது.

— என்னது?

— ஹோ அண்ணே, நீங்க இப்படி வந்து உக்காருங்க, நான் உங்களுக்குச் சரியான ரப்பர் முனை எடுத்துத் தர்றேன்...

— அவர் உக்காரட்டும், நான் நின்னே பேசறேன். ஐயா, எங்க வேலையைக் கேளுங்க. இயர்போனைக் காதுல மாட்டினதும் அடிச் சுருதியில இருந்து ஒரு ஊளை கிளம்பும். வண்டு மாதிரி, அப்புறம் கொசு மாதிரி, அப்புறம் ஊசி மாதிரி ஏறிக்கிட்டே போகும். உச்சிக்குப் போனதும் திரும்பவும் அடியில இருந்து. இடது காதுல ஒரு தடவை, வலது காதுல ஒரு தடவை. உள்ள முடி அளவு தூசி இருந்தாலும் ஒரு இடத்துல கரகரங்கும். அதைப் பிடிச்சுட்டா அந்த ஜோடியைத் தள்ளி வைக்கணும். விடிஞ்சதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். பாட்டுப் பெட்டி செய்யற ஆலையில ஒரு பாட்டு கேட்டதில்ல ஐயா, ஊளைதான் கேட்டேன். என் பக்கத்து நாற்காலியில அதே ஊளையைக் கேட்டுக்கிட்டு இருந்தவன் இதோ, இந்தத் தாவ்மிங்.

— நிஜமாவா தம்பி?

— நிஜம்தான் அண்ணே. நாங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஆனா கம்பெனி தரப்புலயும் ஒரு நியாயம் இருக்கு. அக்காகிட்டச் சொந்தமா ஒரு இயர்போன் இருந்துச்சு, ஒரு கையடக்க ஆம்ப்பும் இருந்துச்சு. ராத்திரியில விடுதியில அதை ஏத்தி வச்சுக் கேட்டுத்தான் காது கெட்டுப் போச்சுன்னு... அதாவது, கம்பெனி அப்படிச் சொல்லுது.

— அட, அதுவும் நடக்கும் அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க கூட்டத்துலயே ஒரு பல் டாக்டர் இருந்தார். சத்தத்தை ஏத்துற கெயினைக் கீழ வையும்யான்னு நான் தொண்டை கிழியச் சொன்னேன். கேக்கல. இப்போ ஃபோன் அடிச்சா மேசை அதிருதான்னு தொட்டுப் பார்க்கறார். ஆசை கண்ணை மறைக்கும்னு சொல்லுவாங்க, எங்க ஆளுங்களுக்குக் காதை மறைக்கும்.

— பார்த்தீங்களா! இதைத்தான் தொழிலாளர் மன்றத்துலயும் சொன்னாங்க. கம்பெனி வக்கீல் ஒருத்தர் எழுந்து, "இவள் இன்பத்துக்காகக் கேட்டாள், இவள் செவியை இவளே தின்றாள்"னு முழங்கினார். அவர் சொன்னது கூட எனக்குக் கேக்கல, பக்கத்துல இருந்தவங்க எழுதிக் காட்டினாங்க. ஐயா, உங்க செல்லத்தை என்கிட்ட ஒரு நிமிஷம் குடுப்பீங்களா?

— குடுக்கறேன், பிடிங்க. முனையை உள்ள திருகி, காது மடலைக் கொஞ்சம் மேல இழுங்க... ஆங், நல்லாத் தெரியுதே, பழகின கை! ஒரு பொம்பளைப் பாட்டு போடறேன். நான் கடையில வைக்கிற அளவு இதுதான். கேக்குதா?

— போட்டுட்டீங்களா?

— போட்டு எவ்வளவு நேரமாச்சு! சரி, கொஞ்சம் ஏத்தறேன். இப்போ?

— இல்ல.

— இப்போ?

— ஹோ அண்ணே, போதும்.

— இரு தம்பி. கெயினை மேல தள்ளறேன். அக்கா, இப்போ கேக்கணுமே?

— ஏதோ... ஓட்டு மேல தூறல் விழற மாதிரி. அது பாட்டா?

— ஐயோ, குறைங்க ஹோ அண்ணே! இங்க நிக்கிற எனக்கே வரி வரியாக் கேக்குது! அது ஆளைக் கொன்னுடும், கழட்டுங்க!

— கழட்டிட்டேன், கழட்டிட்டேன். இந்த அளவுல என்னால மூச்சு விடற நேரம் கூடத் தாங்க முடியாது. அக்கா, அதுல பாடினவ என்னமாப் பாடினா தெரியுமா... மன்னிச்சுடுங்க. நான் ஒரு மடையன்.

— நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? என் காதுக்குள்ள இப்பவும் ஒரு ஊளை ஓடிக்கிட்டு இருக்கு. பெஞ்சுல கேட்ட அதே ஊளை. ஆலை என்னை வெளிய அனுப்பிடுச்சு, ஊளை மட்டும் என் கூடவே வந்துடுச்சு. என் பொண்ணு ஹூனான்ல என் அம்மா வீட்டுல வளர்றா. ஃபோன்ல முகம் காட்டிக் கூப்பிடுவா. உதடு அசையறதைப் பார்த்து நானும் தலையை ஆட்டுவேன். அவ குரல் எப்படி மாறியிருக்குன்னு எனக்குத் தெரியாது. யார்கிட்டப் போய்க் கேக்கறது, என் பொண்ணு குரல் எப்படி இருக்குன்னு?

— தம்பி, நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிற?

— நான் சொல்றேன். தாவ்மிங், அந்தப் பெட்டி யாரோடது?

— அக்கா...

— வக்கீல் மேசை மேல தூக்கிக் காட்டினாங்களே, "இவளுடைய ஆம்ப்"னு. யாரோடது?

— இங்க வேண்டாம் அக்கா.

— வேற எங்க? மன்றத்துல உன்னைக் கேட்டப்போ "அக்காவோடது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டே. வர்ற திங்கக்கிழமை கடைசி விசாரணை. அதோட என் கதவைச் சாத்திடுவாங்க. இந்த ஐயாகிட்டவாவது நிஜத்தைச் சொல்லு. முன்னப் பின்னத் தெரியாத மனுஷன்கிட்டச் சொல்றது சுலபம்.

— ...என்னோடது, ஹோ அண்ணே. பழைய சந்தையில நான் ஆசைப்பட்டு வாங்கினது.

— அப்போ இவங்க கைக்கு எப்படிப் போச்சு?

— அக்காவுக்கு ஊளையோட உச்சி கேக்காமப் போச்சு. கரகரப்பைத் தவற விட்டாங்க. தவற விட்டவங்களை நிறுத்திடுவாங்க. பொண்ணுக்குப் பணம் அனுப்பணும்னு ஒரு நாள் கழிப்பறைப் பக்கம் நின்னு அழுதாங்க. எனக்குத் தாங்கல. பெஞ்சுல இருந்து வர்ற ஒயருக்கும் இயர்போனுக்கும் நடுவுல என் ஆம்ப்பைச் செருகிக் குடுத்தேன். சத்தம் ஏறுச்சு. அக்காவுக்குத் திரும்பவும் உச்சி கேட்டுச்சு. ரெண்டு பேரும் சந்தோஷத்துல சிரிச்சோம்.

— அட கடவுளே! விடுதியில இல்ல, வேலை பார்க்கற மேசையிலயா?

— மேசையிலதான் ஐயா. முதல்ல செவி போச்சு, அப்புறம்தான் பெட்டி வந்துச்சு. மிச்சம் இருந்ததையும் பெட்டி குடிச்சுடுச்சு. நாளுக்கு நாள் கொஞ்சம் ஏத்தினேன், கடைசியில ஏத்த இடமில்ல. மேற்பார்வைக்காரர் ரெண்டு தடவை வந்து பார்த்தார். "கெட்டிக்காரி"ன்னு தட்டிக் குடுத்துட்டுப் போனார். இவன் மேல எனக்குக் கோவம் இல்ல. இவன் இரக்கப்பட்டுக் குடுத்தான், நான் பசிக்குப் பயந்து வாங்கினேன். இரக்கப்பட்டவன் மன்றத்துல ஊமையாயிட்டானே, அதுதான் என்னை அறுக்குது.

— ஏன் தம்பி? ஒரு வார்த்தை! "என்னோடது, மேசையில இருந்தது." இதைச் சொல்ல என்னப்பா கஷ்டம்? இந்தக் கண்காட்சி மேசையைக் குடுத்தாங்கன்னு வாயைக் கட்டிக்கிட்டியா?

— இந்த மேசைக்காக இல்ல அண்ணே, சத்தியமா. என் தங்கச்சி சின்ரோங் அதே ஆலையில இருக்கா. அப்பா இல்லாத பொண்ணு. நான்தான் கூட்டிக்கிட்டு வந்து சேர்த்து விட்டேன். நான் வாயைத் திறந்தா அவளை அன்னிக்கே தெருவுல நிறுத்திடுவாங்கன்னு நாசூக்காச் சொன்னாங்க. அக்காவுக்குப் போனது போச்சு, தங்கச்சியாவது பிழைக்கட்டும்னு நெனச்சேன். பாவிதான். வேற என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க?

— பொட்டலம் கட்டற பகுதியில அவ இருக்கான்னுதானே நீ நெனச்சுக்கிட்டு இருக்கே?

— ஆமா. அங்கதான் இருக்கா. சத்தம் இல்லாத வேலை. வாரா வாரம் பேசறோமே.

— நீ எப்பவும் ஊர் ஊராக் கண்காட்சியில. ஆலைக்குள்ள நீ கால் வச்சு எவ்வளவு நாளாச்சு?

— எதுக்கு அக்கா கேக்கறீங்க?

— செவிடன் காதுல சங்கு ஊதினா வீண்னு சொல்லுவாங்க. இங்க சங்கு ஊதறவ செவிடி, தாவ்மிங். காது நல்லா இருக்கிற நீதான் கேக்க மாட்டேங்கற. திங்கக்கிழமையைப் பத்திப் பேசத்தான் வந்தேன்னு நெனச்சியா? என் காது திங்கக்கிழமை ஜெயிச்சாலும் வராது, தோத்தாலும் வராது.

— அப்புறம் எதுக்கு வந்தீங்க?

— சின்ரோங் என் அறையைத் தேடி வந்தா. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு, மரியாதையா வந்தா. ஆலையில என் பழைய நாற்காலியில அவளை உக்கார வச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பேசினாலும் காதுல விழற வயசு அது. ஆனா நான் பேசறப்போ அவ என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா.

— இல்ல. இல்ல அக்கா. அவ சொல்லியிருப்பா.

— உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அண்ணன் மேசை போயிடும்"னு அழுதா. நீ அவளுக்காக ஊமை, அவ உனக்காக. கிளம்பற நேரத்துல வாசல்ல நின்னு தயங்கித் தயங்கிக் கேட்டா: "அக்கா, அப்போ உங்ககிட்ட ஒரு பெட்டி இருந்துச்சாமே? சத்தத்தை ஏத்துற பெட்டி. அது எங்க கிடைக்கும்?"

— தம்பி! தாவ்மிங், மேசையைப் பிடிச்சுக்கோ. அக்கா, தண்ணி இருக்கா? இந்தாப்பா, உக்காரு. எனக்கு இயர்போனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், உக்காரு முதல்ல.

— உக்கார மாட்டேன், ஹோ அண்ணே. அக்கா, நீங்க இப்படித் தள்ளி நில்லுங்க, உங்க தொண்டை போதும். இனி நான் கூப்பிடறேன். அண்ணன்மாரே, அக்காமாரே! இந்தச் சட்டையில இருக்கிற பேருக்காக நான் பேசல. திங்கக்கிழமை காலையில மன்றத்துல எழுந்து நிப்பேன். ஆனா என் ஒரு வாயை அவங்க சுலபமா அடைச்சுடுவாங்க, உங்க எல்லார் வாயையும் அடைக்க முடியாது. இந்த மண்டபத்துல எந்த மேசைக்குப் போனாலும், நாளைக்கு எந்தக் கடையில ஏறினாலும், விலை கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "இதைக் கேட்டு அனுப்பினவளுக்கு இன்னிக்குக் காது கேக்குதா?" பதில் சொல்லாதவன்கிட்ட வாங்காதீங்க. என்கிட்டயும் வாங்காதீங்க!