பைபிள் உறைக்குள் மாத்திரை

— நிறுத்துங்கப்பா. அந்த வீடியோவைப் பாதிவரைக்கும்தான் பாத்தேன். அதுக்கு மேல பாக்கப் புடிக்கல.

— எப்சி, மொதல்ல உக்காரும்மா. பல்லாவரத்துலேர்ந்து வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்திருக்க. அம்மா வேற கடைக்குப் போயிருக்கா. தண்ணி எடுத்துட்டு வரட்டுமா?

— தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆஸ்பத்திரியில டூட்டில இருக்கேன், கூட வேலை பாக்கற தீபா அக்கா போனை நீட்டி, "ஏய் எப்சி, இது உங்க அப்பாதானே?"ங்கறாங்க. சுத்தி நாலு நர்ஸுங்க. நீங்க சபையில மைக்கைப் புடிச்சுக்கிட்டு, "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை"ங்கறீங்க. எந்த டாக்டர்ப்பா கைவிட்டது?

— அதாவது, ஒரு பேச்சுக்கு...

— மாரடைப்புன்னு உங்களைத் தூக்கிட்டு வந்தப்ப, சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்து அடைப்பைத் திறந்து ஸ்டெண்ட் வெச்சவர் உதயா டாக்டர். பக்கத்துல நின்னவ நான். எனக்குத் தெரியாதா?

— தெரியும்மா. மறக்கல.

— இதயத்துல மத்த ரெண்டு ரத்தக் குழாயும் சுருங்கியிருக்கு, படத்துல பாத்தா எழுபது பர்சென்ட் மாதிரி தெரியுதுன்னார். "மாதிரி"ன்னார். நீங்க தொண்ணூத்தொன்பதுங்கறீங்க!

— எழுபதுன்னா ஜனங்களுக்கு உறைக்காதும்மா.

— சீ! மார்க்கெட்ல மீன் விக்கறவங்ககூட இப்படி ஏத்திச் சொல்ல மாட்டாங்க.

— கேளும்மா, அதாவது...

— நீங்க கேளுங்க. இன்னும் அளக்கவே இல்ல. கண்ணால பாக்கறது தப்பாவும் போகும். அதுக்குத்தானே இன்னிக்கு மூணு மணிக்கு வரச் சொன்னார். மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு ஒயரை விட்டு, சுருக்கத்துக்கு இந்தப் பக்கம் ரத்தம் எவ்ளோ அழுத்தத்துல வருது, தாண்டினப்புறம் எவ்ளோ இருக்குன்னு அளப்பாங்க. ரெண்டையும் வகுத்து வர்ற நம்பர் பாயிண்ட் எட்டுக்கு மேலன்னா மாத்திரை போதும். கீழன்னா ஸ்டெண்ட். நீங்க அதுக்கு முன்னாடியே "ரெண்டு குழாயும் சுத்தமாயிடுச்சு"ன்னு சாட்சி சொல்லிட்டீங்க. இத்தனை வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தீங்களே, பேப்பரைத் திருத்தாம ரிசல்ட் போட்டிருக்கீங்களா?

— போட்டதில்ல.

— பாஸ்டர் சொல்லச் சொன்னாரா?

— அவரை இழுக்காத. "டெஸ்ட் முடியட்டும் சார், அப்புறம் சொல்லலாமே"ன்னுதான் சொன்னார். நானாத்தான் போய் மைக்கை வாங்கினேன்.

— அய்யோ, அது இன்னும் கேவலம்.

— கேவலம்தான். முப்பத்து நாலு வருஷமா அந்தச் சபையில உக்காந்திருக்கேன் எப்சி. வாரா வாரம் யாராவது எழுந்திருப்பாங்க. ஒருத்தருக்குக் கனடா விசா. ஒருத்தருக்குப் பதினோரு வருஷம் கழிச்சு கொழந்த. நான் கை தட்டிட்டு வீட்டுக்கு வருவேன். பென்ஷன்காரனுக்கு என்ன அற்புதம் நடக்கும், சொல்லு? மொத தடவையா எனக்கும் எழுந்து நின்னு சொல்ல ஒண்ணு கெடச்சுது.

— அதுக்குப் பேர் மாரடைப்புப்பா.

— ம்.

— மாத்திரையாவது போடறீங்களா? இல்ல, அதையும் நிறுத்தியாச்சா?

— போடறேன். காலையில நாலு, ராத்திரி மூணு. ஒரு வேளைகூட விடல.

— அதைச் சபையில சொன்னீங்களா?

— இல்ல.

— ஏன்?

— அதைச் சொன்னா சாட்சி எடுபடாதும்மா.

— த்தூ. மன்னிச்சுக்கங்க, வாயில அதுதான் வருது. நானும் விசுவாசிதாம்ப்பா. தெனமும் ஜெபம் பண்ணிட்டுத்தான் கிளவுஸ் மாட்டறேன். ஆனா ஆண்டவர் பேரைச் சொல்லிட்டு, மாத்திரையைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் திங்கறது...

— தலகாணிக்கு அடியில இல்ல.

— பின்ன?

— பைபிள் உறையில. ஜிப் வெச்ச பாக்கெட் இருக்கில்ல, அதுல.

— அந்த பைபிளையா கையில வெச்சுக்கிட்டு அங்க நின்னீங்க?

— ஆமா.

— எனக்கு அருவருப்பா இருக்குப்பா. உங்க பக்கத்துல உக்காரவே புடிக்கல. போன் அடிக்குது பாருங்க.

— அடிக்கட்டும்.

— எடுங்க, உங்க ரசிகர்களா இருக்கும். வெள்ளைச் சட்டையெல்லாம் பலமா இருக்கே, இன்னிக்கு எந்தக் கூட்டத்துல பேச்சு?

— பொத்தான் போட வரல. கொஞ்சம் போட்டு விடேன்.

— முடியாது. மூணு மணிக்கு வருவீங்களா, மாட்டீங்களா? போனா விசுவாசம் இல்லன்னு பேசுவாங்கன்னு ஒளிஞ்சுக்கிட்டீங்கன்னா, நாளைக்குச் சபையில நான் போய் மைக்கை வாங்குவேன்.

— வரேன்.

— என்ன?

— வரேன்னேன். நம்பர் எதுவா வந்தாலும் சரி.

— நல்லா வந்துச்சுன்னா "பாத்தீங்களா"ன்னு மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. நல்லா வந்தா, மொதல்லேர்ந்தே அது அப்படித்தான் இருந்திருக்கும். புரியுதா?

— புரியுது. ஆரம்பிக்க மாட்டேன்.

— நேத்து காலையில போன்ல மாட்டவே மாட்டேன்னீங்க. திடீர்னு என்ன ஆச்சு?

— அந்த வீடியோவுல முன் வரிசையில ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுவானே, பாத்தியா?

— நீலச் சட்டை. ஜாய்சன் அண்ணா. உங்ககிட்ட படிச்சவர், இரும்புலியூர்ல செல்போன் கடை வெச்சிருக்கார். உங்களுக்கு வந்த அடுத்த வாரமே அவருக்கும் மாரடைப்பு வந்து நாங்கதான் ஸ்டெண்ட் வெச்சோம். அவருக்கு இன்னொரு குழாயை அளந்தே பாத்தாச்சு, நம்பர் மோசம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். வரல.

— வர மாட்டான். அன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் ஓடி வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டான். "சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார். மருந்து மாத்திரை இல்லாம உங்களுக்குச் செஞ்சவர் எனக்கும் செய்வார்"ன்னான்.

— அப்பா. அவர் மாத்திரையை நிறுத்திட்டாரா?

— அன்னிக்கே.

— கர்த்தாவே! புதுசா ஸ்டெண்ட் வெச்சவங்க நிறுத்தினா, அதுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும்ப்பா! நீங்க ஒண்ணும் சொல்லலையா?

— ஜிப்பைத் திறந்து காட்டியிருந்தா போதும். சுத்தி ஆளுங்க நின்னாங்க எப்சி. கை குடுத்துக்கிட்டே இருந்தாங்க.

— போனைக் கொண்டாங்க, நான் பேசறேன். ஐயோ, எல்லாம் அவர் நம்பர்தான்! ஒன்பது மிஸ்டு கால்! அவரே இத்தனை தடவை கூப்பிடறார், எடுக்காம என்னப்பா பண்றீங்க?

— அவன் இல்லம்மா. அவன் போன்லேர்ந்து அவன் பொண்டாட்டி ப்ரியா. காலையில ஒரு தடவை எடுத்தேன். நேத்து சாயங்காலம் கடையிலயே விழுந்துட்டானாம்.

— எந்த ஆஸ்பத்திரியில இருக்கார்?

— வீட்லதான் வெச்சிருக்காங்க. பன்னெண்டு மணிக்கு அடக்கம்.

— அப்பா...

— "கடைசிவரைக்கும் உங்களைப் பத்தியேதான் சார் பேசிக்கிட்டிருந்தார், அடக்கத்துல நீங்கதான் சாட்சி சொல்லணும்"னு கேக்கறா. வரேன்னு சொல்லிட்டேன். அந்த பைபிளை எடுத்துட்டு வா எப்சி, ஜிப்பை மூடாத.