கெமிலியா வளர்க்கத் தெரிந்தவர்

— எல்லா மொட்டையுமா கிள்ளிட்டாரு?

— ஒண்ணு இருக்கு. கந்தன் கங்காணிக்குக் கை எட்டல போல.

— நான் தானா ராத்தா டவுனுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள இந்த வேலை. நீ பார்த்துட்டா நின்னே, கத்தரீன்?

— நான் பங்களா குசினியில மரவள்ளிக் கிழங்கு உரிச்சிட்டு இருந்தேன். வெளிய வந்து பார்த்தா கிள்ளி முடிச்சுட்டு வேட்டியில கையைத் துடைக்கிறாரு. 'தேயிலையில பூ விட்டா கங்காணிக்குத்தானே கேவலம், நல்ல வேளை கிராணி என்கிட்ட விட்டுட்டுப் போனாரு'ங்கறாரு.

— இது தேயிலை இல்லையே.

— நீங்கதானே சொன்னீங்க. இது தேயிலைக்குச் சொந்தம், தேயிலை மாதிரியே பார்த்துக்கங்கன்னு.

— பொதுவா சொன்னேன்.

— அவரும் பொதுவா கிள்ளிட்டாரு.

— நாளைக்குக் காலையில ஜப்பான் ஜெனரல் வர்றார், கத்தரீன். கோலாலம்பூர்ல இருந்து இந்த மலை மேல ஏறி வர்றதே அவர் ஊர்ப் பூவைப் பார்க்கத்தான். பூ இல்லேன்னா நான் சயாம் லோரியில.

— தெரியும்லா. நேத்தும் அதைத்தான் சொன்னீங்க.

— சூசைமுத்து போனான். தங்கையா போனான். தண்டவாளம் போட மண்ணு வெட்டுறாங்களாம். ஒருத்தன்கிட்ட இருந்தாவது சேதி வந்துச்சா?

— வரல.

— கிராணி வேலையில பேனா பிடிச்ச கை இது.

— பேனா பிடிச்ச கையை நீங்க ஏன் தூக்குனீங்க?

— எப்ப?

— காலையில ஆள் கணக்கெடுக்கற பெரட்டுல. சயாமுக்கு ஆள் எடுக்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சிருக்கான். நடுவுல பங்களாவுல இருக்கற அந்தக் கேப்டன் வந்து 'சுபாக்கி யாருக்குத் தெரியும்'னு கேட்டான். அத்தனை சனத்துல ஒரே ஒரு கை.

— தெரிஞ்சவனை லோரியில ஏத்த மாட்டான்னு பட்டுச்சு.

— சுபாக்கின்னா என்னன்னு நெனச்சீங்க?

— ஜப்பான் கணக்கு முறைன்னு நெனச்சேன்.

— தொட்டியோட இந்தச் செடியைக் கொண்டாந்து வச்சு 'இதான் சுபாக்கி'ன்னப்ப உங்க மூஞ்சியை நான் பார்த்தேன்.

— மூஞ்சியில ஒண்ணும் காட்டலையே.

— காட்டல. காட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

— சரி, நடந்ததை விடு. இப்ப ஒரு மொட்டு இருக்கு. விடியறதுக்குள்ள அது விரியணும். அதுக்கு ஆதாரமான தகவல் வேணும்.

— அதைத்தானே செடி வந்த நாள்ல இருந்து தேடுறீங்க.

— தேடாம இல்ல. பழைய வெள்ளைக்கார துரை விட்டுட்டுப் போன தோட்டப் புஸ்தகத்தை முழுசாப் படிச்சேன். இதுக்கு இங்கிலீஷ்ல கெமிலியான்னு பேரு. தனி அத்தியாயமே போட்டிருக்கான்.

— தோட்டமெல்லாம் வெள்ளையா ஐஸ் கொட்டும்போது செடியைச் சாக்குப் போட்டு மூடணும்னு இருக்குன்னீங்களே, அந்தப் புஸ்தகமா?

— அச்சுல இருக்கு.

— இங்க எப்பங்க ஐஸ் கொட்டுச்சு?

— சாக்கு எடுத்து வச்சிருக்கேன்.

— கோலா தெர்லாவுல தோட்டம் போடற சீனரையும் கேட்டீங்க.

— அவர் இறால் தலையை அரைச்சு வேர்ல போடச் சொன்னார்.

— போட்டீங்க. மலையில இருக்கற பூனையெல்லாம் வந்துச்சு.

— அவர் சொன்னதுல தப்பு இல்ல. அவர் முட்டைக்கோஸ் போடறவர். இலை பெரிசா வரும்னார். வந்துச்சு. பூவைப் பத்தி நானும் கேக்கல, அவரும் சொல்லல.

— பாதர்கிட்டயும் கேட்டீங்க.

— ஜெபம் பண்ணச் சொன்னார்.

— பண்ணுனீங்களா?

— அவர் எல்லாச் செடிக்கும் அதைத்தான் சொல்றார்.

— இன்னைக்கு இவ்வளவு தூரம் நடந்து போனது யாரைப் பார்க்க?

— ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ராஜநாயகத்தை. நிறையப் படிக்கிற மனுசன். ஊட்டியில இந்தச் செடியைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்னார். செவப்புப் பூவாம், அடுக்கு அடுக்காவாம். நானும் உக்காந்து பொறுமையா விசாரிச்சேன்.

— என்ன தெரிஞ்சுச்சு?

— கிளம்பும்போது, முள்ளு குத்தாம பார்த்துக்கன்னார்.

— ரோஜாவா?

— ரோஜாதான்.

— அந்தக் கேப்டனையே ஒரு வார்த்தை கேட்டா என்னங்க? தினமும் காலையில இந்தச் செடிகிட்ட வந்து நிக்கிறானே.

— அவன் என்னைப் பரீட்சை பண்ண வர்றான். 'இன்னைக்கு எவ்வளவு தண்ணி?'ங்கறான். 'இதை வெயில்ல வைக்கலாமா?'ங்கறான். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். தலையை ஆட்டிட்டுப் போய்டுவான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம்னு நெனச்சுத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் போகுது.

— அவனுக்கு இதெல்லாம் அத்துப்படியாம். அவனோட சமையக்காரன் குசினியில சொன்னான். அவங்க வீட்டுல அப்பன் பாட்டன் காலத்துல இருந்து இந்தச் செடிதானாம். ஜெனரல்கிட்ட அவனே சொன்னானாம். அதைக் கேட்டுத்தான் ஜெனரல் செடியை அவன் பொறுப்புல குடுத்து, இந்தக் குளிர்ல சௌக்கியமா உக்கார வச்சிருக்காரு. அவன்கூட வந்த ஆபீசருங்க எல்லாரும் பர்மா சண்டைக்குப் போயாச்சு.

— பார்த்தியா. அப்படிப்பட்ட ஆளுகிட்டப் போய், 'துவான், இதுக்குத் தண்ணி எப்படி ஊத்தறது'ன்னு என்னைக் கேக்கச் சொல்றே.

— நேரா கேக்க வேணாம். சுத்திக் கேட்டு வந்திருக்கேன்.

— என்ன சொல்றே?

— இன்னைக்கு மத்தியானம் உப்பு வாங்கப் பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குப் போனேன். உப்பு இல்ல. சும்மா ஏன் திரும்பணும்னு சாமான் கடைச் சீன முதலாளி, அந்தத் தவுக்கேகிட்ட செடியைப் பத்திக் கேட்டேன்.

— அவர் கருவாடு விக்கிறவர்.

— கேளுங்களேன். மொட்டு விரியாம நின்னா, ஆறிப்போன தேத்தண்ணி ஊத்தணுமாம்.

— கருவாடு விக்கிறவருக்கு இதுல ஆதாரம் என்ன?

— நீங்க கேப்பீங்கன்னு நானும் கேட்டேன். கேப்டனோட சமையக்காரன் சொன்னானாம்.

— சமையக்காரனுக்கு யார் சொன்னது?

— கேப்டனே சொன்னானாம். குடிச்சிருந்தப்ப. 'எங்க வீட்டு ரகசியம், வெளிய சொல்லாதே'ன்னு.

— இதை வந்ததும் ஏன் சொல்லல நீ?

— வந்ததும் நீங்க மொட்டைத் தேடிக்கிட்டு இருந்தீங்க.

— கத்தரீன், இது சாதாரண விஷயம் இல்ல. தலைமுறை தலைமுறையா வளர்த்தவன் வாயில இருந்து வந்திருக்கு. இதைவிட ஆதாரம் உலகத்துல கிடையாது. தேத்தண்ணி இருக்கா?

— காலையில போட்டது இந்தப் போகினியில இருக்கு. நல்லா ஆறிருச்சு.

— கொண்டா. அப்படியே ஊத்தலாமா?

— சீனி சேரக் கூடாதாம்.

— சீனியைக் கண்ணால பார்த்தே எவ்வளவு நாளாச்சு. வேற?

— சாயங்காலத்துலதான் ஊத்தணுமாம்.

— சாயங்காலம்தான் இது. அவ்வளவுதானா?

— இன்னும் ஒண்ணு. செடிக்குக் கிழக்க நின்னுக்கிட்டு ஊத்தணுமாம். மாதா கோயில் இருக்கற பக்கம் நில்லுங்க. அங்க. அதான் கிழக்கு. என்ன, அப்படியே நிக்கிறீங்க? ஊத்துங்க.

— இது நான் சொன்னது.

— எது?

— இது அத்தனையும். செடியை இறக்கி வச்ச அன்னைக்கு, 'இதுக்கு என்ன ஊத்துவே'ன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் ஓடல. மேசையில அவன் குடிச்சு மிச்சம் வச்ச கோப்பை இருந்துச்சு. 'ஆறின தேத்தண்ணி'ன்னேன். 'சீனி போட்டா?'ன்னான். 'கூடவே கூடாது'ன்னேன். 'எப்ப?'ன்னான். 'சாயங்காலம்'னேன்.

— கிழக்கு?

— அவன் நம்பாத மாதிரி பார்த்தான். அதனால கிழக்கைச் சேர்த்தேன்.

— அப்ப உங்ககிட்ட இருந்து கேப்டனுக்கு. கேப்டன்கிட்ட இருந்து சமையக்காரனுக்கு. அவன்கிட்ட இருந்து தவுக்கேக்கு. நான் அதைப் பிரிஞ்சாங்ல இருந்து மழையில சுமந்துட்டு வந்து உங்ககிட்டயே குடுத்திருக்கேன்.

— உனக்கு இன்னும் விளங்கல. அவன் கேலி பண்ணியிருக்கான். செடியோட பிறந்து வளர்ந்தவன்கிட்ட நான் தேத்தண்ணிக் கதை சொல்லியிருக்கேன். குடிச்சிட்டு அதைச் சமையக்காரன்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கான். அந்த முட்டாளுக்கு அது கேலின்னு தெரியல. நான் பொய்க்காரன்னு கேப்டனுக்கு முதல் நாளே தெரியும்.

— தெரிஞ்சுமா தினமும் வந்து கேட்டுட்டுப் போறான்?

— பூனை எலியை உடனேயா திங்குது? நாளைக்கு ஜெனரல் முன்னால நிக்க வச்சுத் திங்கப் போறான்.

— இப்ப என்ன செய்யப் போறீங்க?

— இன்னைக்கே உண்மையைச் சொல்லிடறேன். இன்னைக்குச் சொன்னா சயாம். நாளைக்கு அவனே சொன்னா கழுத்தே போகும்.

— சயாமும் கழுத்துதான்.

— கொஞ்சம் மெதுவாப் போகும்.

— சத்தத்தைக் குறைங்க. அவன் படி இறங்கி வர்றான்.

— தனியாவா?

— தனியாத்தான். கையில ஏதோ கோப்பை இருக்கு. ஆனா நேரா நம்மகிட்ட வரலைங்க. செடியைச் சுத்திக்கிட்டுக் கோயில் பக்கமாப் போறான்.

— பார்த்தியா, என் முன்னாலயே நடிச்சுக் காட்டுறான். நீ பேசாதே. நான் மலாய்ல சொல்லிக்கிறேன்.

— கொர்னேலியஸ்.

— துவான்.

— சுபாக்கியில் மொட்டுகள் இல்லை.

— கங்காணி கிள்ளிட்டார், துவான். ஒண்ணுதான் மிச்சம்.

— கிள்ளுவது சரியா?

— எனக்குத் தெரியாது.

— உனக்குத் தெரியும் என்று கை தூக்கினாய்.

— சயாமுக்குப் போகப் பயந்து தூக்கினேன். இந்தச் செடியை அதுக்கு முன்னால நான் கண்ணால பார்த்தது இல்ல. தண்ணி, வெயில், நிழல், துவான் கேட்டப்பல்லாம் நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்.

— தேநீர்?

— அதுவும்தான்.

— கிழக்கு?

— கிழக்கும்தான், துவான். என் சம்சாரத்துக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. அவளை விட்டுடணும்.

— உன் மனைவி போகலாம்.

— நான் போகல, துவான். நிக்கிறேன்.

— சரி. இரண்டு பேரும் கேளுங்கள். நாளை ஜெனரலிடம் நான் பேசுவேன். முதல் வருடம் மொட்டுகளைக் கிள்ள வேண்டும், அப்போதுதான் அடுத்த வருடம் மரம் நிறையப் பூக்கும் என்று சொல்வேன். கொர்னேலியஸ் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டும்.

— என்னை சயாமுக்கு அனுப்பலையா, துவான்?

— அடுத்த வருடம் வரை இந்தச் செடிக்கு ஆள் வேண்டும். உனக்கும் எனக்கும் இங்கே வேலை இருக்கிறது.

— ஜெனரல் நம்புவாரா?

— என்னை நம்பித்தான் செடியைக் கொடுத்தார்.

— துவான் சொன்னா சரியாத்தாங்க இருக்கும். நீங்க ஏன் முழிக்கிறீங்க? அப்பன் பாட்டன் காலத்துல இருந்து இதை வளர்த்த வீடு.

— எங்கள் வீட்டில் மீன் பிடிப்போம்.